கூட இருந்து பார்த்த டியூப்

அவளுக்கு வேலையிடத்தில் ‘மினுக்கக்கா’ என்று பெயர். முகத்துக்குப் பவுடர்கூடப் போடாதவளுக்கு இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது! டியூப் லைட்டுக்கான எலக்ட்ரானிக் சோக் செய்கிற கூடம் அது. டியூப் என்பது ஒரேயடியாகச் சாகாது. முனை கறுத்து, மினுக்கி மினுக்கி, போகிற போக்கில் சோக்கையும் எரித்துவிட்டுத்தான் போகும். அதற்குமுன் மின்சாரத்தை வெட்டிவிட சோக்குக்குள்ளேயே ஒரு காவல் உண்டு. அந்தக் காவல் விழித்திருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் வேலை.

அதற்கு நல்ல டியூபும் உதவாது, செத்த டியூபும் உதவாது. இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடப்பதுதான் வேண்டும். அது எந்தக் கடையில் கிடைக்கும்? தேடிக் கொடுத்தவன் அவள் புருஷன். வேன் டிரைவர். சரக்கு இறக்கப் போகிற இடமெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பான். மினுக்குகிற டியூபைக் கண்டால் விடமாட்டான். புதிதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வந்துவிடுவான். ஊரில் புருஷன்மார் பெண்டாட்டிக்கு நகைநட்டு வாங்குவார்கள். இவன் வாசலிலேயே, “இந்தா, உனக்கு இன்னொரு சீக்காளி!” என்று குரல் கொடுப்பான்.

ஒருநாள் சாயங்காலம் அப்படி ஒன்றைக் கதவோரம் சாய்த்துவிட்டு, நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்தான்.

“என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல, வாயு. கொஞ்சம் வெந்நீர் குடு, சரியாயிடும்.”

அவளும் வெந்நீர் வைக்கத்தான் போனாள். திரும்பி வந்தபோது தம்ளரை வாங்க ஆள் இல்லை. டியூபின் முனையைப் பார்த்தே நாள் குறிக்கிறவள், கட்டினவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாளே! அதுதான் அவளை அரித்தது. யார் என்ன ஆறுதல் சொல்லி என்ன?

வேலைக்குத் திரும்பினாள். அந்த டியூப் மட்டும் கதவோரமே நின்றது. கூடத்தில் இருந்த சீக்காளிகளோ ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

“அக்கா, வீட்ல ஒண்ணு இருக்குன்னீங்களே. கேக்கவே சங்கடமா இருக்கு, ஆனா சரக்கு அப்படியே நிக்குது,” என்றார் மேற்பார்வையாளர்.

மறுநாள் அதைத் துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். புது சோக்கில் மாட்டினாள். ஒரு மினுக்கல், காவல் வெட்டியது. அடுத்ததில் மாட்டினாள். ஒரு மினுக்கல், வெட்டியது. எல்லாமே நல்ல சரக்கு. மேற்பார்வையாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குத்தான் அது போதவில்லை. அவன் கடைசியாகக் கொண்டுவந்தது ஒரு நிமிடம் எரிவதைக் கண்ணாரப் பார்க்க முடியவில்லையே!

மேசைக்கடியில் காவல் இல்லாத பழைய சோக் ஒன்று கிடந்தது. எடுத்து அதில் டியூபை மாட்டினாள். இந்தமுறை யாரும் வெட்டவில்லை. ஒரு முனை சிவந்து, பாதி டியூப் நடுங்கி நடுங்கி எரிந்தது. கருகல் நாற்றம் கிளம்பியது.

“அக்கா, சோக் போகுது! அணைங்க!”

அவள் சுவிட்சைக் கையால் பொத்திக்கொண்டாள். “போகட்டும் சார். அவர் போறப்ப நான் வெந்நீர் வச்சுக்கிட்டிருந்தேன். இதுக்காவது கூட இருக்கேன்.”

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். வெளிச்சம் முழுதும் போகும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.