குளிர் தெரியாத தோள்

அருவிகளில் தண்ணீர் கொட்டும் சீசன் நேரம். சிவகிரியிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்ததால், மூவரும் குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து காலையிலேயே ஐந்தருவிக்குப் போனோம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தினமும் ஓடுகிறவன் நான். காய்ச்சலென்று படுத்ததுகூட நினைவில்லை.

அருவிக்குள் தலையைக் கொடுத்தேன். இடது தோள் குளிரில் வெடவெடத்தது. வலது தோளில் தண்ணீர் விழுவது தெரிந்தது, குளிர் தெரியவில்லை. வலது கையை நீட்டிப் பார்த்தேன். தண்ணீர் அடிப்பது மட்டும் தெரிந்தது, வெயிலில் கிடந்த தண்ணீர் போல இருந்தது. திடீரென்று பாறையே சுழன்றது. பிடித்துக்கொள்ளப் போன கம்பி இரண்டாகத் தெரிந்தது. இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தேன்.

மைத்துனன் தூக்கி வந்து உட்காரவைத்தான். வாந்தி நிற்கவில்லை.

"காலையிலயே ஊத்திட்டு வந்துட்டாம்லே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் குடிப்பதே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். கரகரவென்று வேறு யாருடைய சத்தமோ வந்தது. பெண்கள் பக்கமிருந்து ஈரத்தோடு ஓடிவந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, என்ன இப்படிப் பேசுதீங்க?"

"பித்தம்தான்க்கா" என்றான் அவள் தம்பி. "ஒரு சுக்குக்காப்பி குடிச்சா அத்தான் எந்திரிச்சிருவாவ."

வாங்கி வந்தான். முதல் மடக்கே மூக்கு வழியாக வந்தது.

"பித்தத்துக்கு மூக்கு வழியா வருமாலே? வண்டிய எடு!" என்று கத்தினாள் அவள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் சிரிக்கச் சொன்னார், கைகளைத் தூக்கச் சொன்னார். செய்தேன். இரண்டு கைகளும் விறைப்பாக நின்றன. "வாதம்லாம் இல்லைல்லா?" என்றான் மைத்துனன். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். யாரோ இழுத்ததுபோல இடதுபக்கம் சாய்ந்தேன். ஸ்பிரிட் பஞ்சை இரு கைகளிலும் வைத்து, "குளுருதா?" என்றார். வலது கையில் குளிரவில்லை. அவர் முகம் மாறியது. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

"கழுத்துக்குப் பின்னால ஏறி, பின்மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாயில அடைப்பு. ஸ்ட்ரோக். குளிர் தெரியறது, விழுங்குறது, நிலையா நிக்கறது எல்லாம் அங்கதான் இருக்கு" என்றார் படத்தைப் பார்த்துவிட்டு.

"அருவியில குளிச்சதாலயா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லம்மா. கொழுப்பு படிஞ்சு பல வருஷமா சுருங்கிட்டு வந்திருக்கு. சுகர், பிரஷர் எல்லாம் பாத்திருக்காரா?"

அவள் என்னைப் பார்த்தாள். ராணுவத்தை விட்ட பிறகு நான் அதையெல்லாம் ஒருநாளும் பார்த்ததில்லை.

கை கால் விளங்காமல் போவதுதான் பக்கவாதம் என்று நினைத்திருந்தேன். நான்கும் நன்றாக இருக்க, ஒரு சொட்டு எச்சிலை விழுங்க முடியாமல் படுத்துக் கிடந்தேன். விக்கல் இரவும் பகலும் உலுக்கியது. சாப்பாடு மூக்கிலிட்ட குழாய் வழியாகப் போனது.

பல நாள் விழுங்கும் பயிற்சிக்குப் பிறகு ஒரு காலையில், தாடையை நெஞ்சோடு சேர்க்கச் சொல்லி, ஒரு ஸ்பூன் கெட்டிக் கஞ்சி கொடுத்தார்கள். தொண்டையில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"போயிருச்சா?" என்றாள் மனைவி.

தலையசைத்தேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீடு திரும்பிய பிறகும் ஒவ்வொரு மடக்குத் தண்ணீரையும் பயந்துதான் விழுங்குகிறேன்.