விமானத்தை நிற்கச் சொன்ன அக்கா

“தம்பி, வரிசை அசையுதில்லையே. டெல்லி பிளேன்காரருக்கு ஒருக்கா கோல் எடுத்து, கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ!”

சென்னை விமான நிலையத்தின் குடிவரவு வரிசையிலிருந்து சிவபாக்கியம் அக்கா அழைத்தபோது, நான் திருகோணமலையில் எங்கள் டிக்கெட் கடையில் இருந்தேன். அக்கா பக்கத்துக் கட்டைபறிச்சான் கிராமத்துக்காரி. டெல்லியில் படிக்கும் மகளுக்கு மறுநாள் காலை இதய ஆபரேஷன். பிள்ளை தியேட்டருக்குள் போகுமுன் தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

அவர் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. கொழும்பு பஸ்ஸுக்குப் பிந்தினால் நாங்கள் எல்லோரும் கண்டக்டருக்குக் கோல் எடுப்போம். “சந்திக்கு வந்திட்டன் அண்ணே” என்றால் பஸ் நிற்கும்.

“அக்கா, அது ஏலாது. அது வேற கொம்பனி.”

“நீங்கள்தானே டிக்கெட் போட்டனீங்கள்? நீங்கள் சொன்னால் கேப்பினம்.”

இந்தியா எவ்வளவு பெரிய நாடு! ஆனால் உள்நாட்டுப் பறப்புகளில் பெரும்பகுதி இப்போது ஓரிரு பெரிய நிறுவனங்களின் கையில்; எங்கள் சின்னக் கடைக்காக அவர்கள் விமானத்தை நிறுத்துவார்களா? சென்னை வரை ஒரு நிறுவனத்திலும் டெல்லிக்கு வேறொன்றிலுமாக, மலிவு பார்த்து, எங்கள் முதலாளி தனித்தனியே டிக்கெட் போடச் சொல்லியிருந்தார். அப்படிப் போட்டால் முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பில்லை; அன்றும் முதலாவது பிந்தியிருந்தது. டெல்லி விமானம் அக்காவை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது.

“டெல்லிக்கு நேரா போற பிளைட்டில நாளைக்கு மத்தியானம்தான் சீட் இருக்கு. அதைப் போடும்” என்றார் முதலாளி.

“அதுக்குள்ள பிள்ளையை உள்ளுக்குக் கொண்டு போயிடுவாங்கள், ஐயா!” கத்தியே விட்டேன். பிறகு அவரைக் கேட்காமலே, ஐதராபாத் வழியாக, ஒரே நிறுவனத்தில் ஒரே டிக்கெட்டாகப் போட்டேன்.

அந்த விமானமும் ஐதராபாத்துக்குப் பிந்தித்தான் போனது. ஆனால் இம்முறை, இறங்கிய இடத்திலேயே ஒரு பெண் டெல்லிப் பயணிகளைக் கூப்பிட்டுச் சின்ன பஸ்ஸில் ஏற்றி, அடுத்த விமானத்தடியில் கொண்டுபோய் விட்டாராம். ஒரே டிக்கெட் என்பதால் அவர்களைக் கொண்டு சேர்ப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு.

காலையில் அக்காவின் குரல் பதிவு வந்தது.

“பிள்ளையைக் கண்டிட்டன் தம்பி. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ‘அம்மா, இனிப் பயமில்லை’ எண்டிட்டு உள்ளுக்குப் போனவள்.”

கடையில் ஆட்கள் இருக்கத்தக்கதாகவே அழுதுவிட்டேன். முதலாளிக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். அவர் பின்னேரம் வரை, “பிள்ளை வெளிய வந்திட்டாளோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துவிட்டாள், சுகமாக.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலையைத் தேடுமுன், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சிலருக்கு அடுத்த விமானம் என்று ஒன்று கிடையாது.