மணியடித்த முத்திரை

இன்று கைபேசியில் பார்த்த பழைய படம், அதை வாங்கிய புது நிறுவனத்தின் முத்திரையோடு தொடங்கியதும், காஞ்சிபுரத்தில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட தியேட்டரும், அங்கே ஆபரேட்டராக இருந்த அப்பாவின் சட்டையில் எப்போதும் வீசிய பிலிம் ஒட்டும் பசையின் வாசனையும் நினைவுக்கு வந்தன. ஒருமுறை, பழைய படங்களை மொத்தமாக வாங்கியிருந்த ஒருவர், படமெடுத்த ஸ்டூடியோவின் மணியடிக்கும் முத்திரையை வெட்டிவிட்டுத் தன்னுடையதை ஒட்டச் சொன்னார்.

“உங்க பேரு மொதல்ல வரட்டும் சார். எடுத்தவங்க பேர வெட்ட எனக்குக் கை வரல,” என்றார் அப்பா.

“வேலையே பூடுங்க,” என்று அன்று வீட்டில் அம்மா கலங்கினாள்.

மாலைக்காட்சியில், அப்பா வெட்டாமல் விட்ட முத்திரையின் மணி திரையில் ஒலித்ததும், தறியை விட்டு வந்திருந்த கூட்டம் கைதட்டி ஆரவாரித்தது. பின்னால் நின்று பார்த்த, படங்களை வாங்கியவர் அப்பாவிடம் வந்தார்.

“ரெண்டும் இருக்கட்டும்பா,” என்றார்.

மறுத்த அப்பாவுக்கும், மனம் மாறிய அவருக்கும் இன்றும் நன்றி சொல்கிறேன்.