ஒரு நிமிஷம் நிக்கிற பஸ்ஸுக்கு ரெண்டு வரி

ஊருக்கு தினம் ஒரு நல்ல வார்த்தை எழுதிப் போடறது உக்காந்த எடத்து வேலைன்னு நெனைக்கிறவங்க, ஒரே ஒரு வாரம் சாக்பீஸைப் புடிச்சுப் பாக்கட்டும், அப்புறம் பேசலாம்.

மரக்காணத்துல இருந்து புதுச்சேரி போற ரோட்டுல, உப்பளத்துக்கு எதிர்ப் பக்கம் இருக்குது எங்க கோயில். நான் அங்க ஆபீஸ்ல வேலை பாக்கறேன். ஞானஸ்நான சர்டிஃபிகேட் எழுதறது, பூசையில யாருக்காக வேண்டிக்கணும்னு கருத்து குடுக்க வர்றவங்க பேரைக் குறிச்சு வைக்கிறது, இதெல்லாம் பேருக்குத்தான். என் உண்மையான வேலை வாசல்ல இருக்கற கரும்பலகை. காலையில அஞ்சு மணிக்கு மணி அடிக்கும்போது, நேத்து எழுதினதை அழிச்சிட்டு புதுசா ஒரு வசனமோ ஒரு சிந்தனையோ எழுதணும். பலகைக்கு நேரா பஸ் ஸ்டாப். பஸ் ஒரு நிமிஷம் நிக்கும். அதுக்குள்ள படிச்சு முடிக்கிற மாதிரி ரெண்டே வரி. பதினோரு வருஷமா இதே பொழப்பு. ஸ்கூல் பிரேயர்ல 'இன்றைய சிந்தனை' சொல்ற டீச்சருங்களே, ஃபேமிலி குரூப்புக்கு விடிய விடிய குட்மார்னிங் படம் தேடற மாமாங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். உலகத்துல இருக்கற நல்ல விஷயமெல்லாம் ஒரே மாசத்துல தீர்ந்து போயிடுது, இல்ல?

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன். ஆறே முக்கா பஸ்ல என் பொண்ணு ஜெனி போறா. உள்ளே ஒரு கிராமத்துல விவசாயக் குடும்பத்துல வாழ்க்கைப்பட்டவ. மரக்காணம் வந்து பஸ் ஏறி, புதுச்சேரியில ஒரு லேபுக்கு வேலைக்குப் போறா. ரெண்டு வருஷமா எங்கிட்ட பேச்சு கிடையாது. போன் பண்ணா எடுக்க மாட்டா. ஊர் மொத்தமும் படிக்கட்டும்னுதான் எழுதறேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிக்குவேன். அதெல்லாம் சும்மா. அந்த ஒருத்தி படிக்கணும்னுதான் எழுதறேன்.

மே மாசத்து மழை

வெயில் மண்டையைப் பொளக்குது. பாக்கறவங்க மனசுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு, ஆண்டவர் ஆசீர்வாதத்தை மழையா கொட்டுவாருன்னு வர்ற ஒரு வசனத்தைத் தேடிப் புடிச்சு எழுதினேன். சுத்தி நீல சாக்பீஸ்ல மழைத்துளி வேற வரைஞ்சேன். எனக்கே ரொம்பப் புடிச்சுப் போச்சு. உப்பளத்துக்குப் போற பொம்பளைங்க நாலு பேரு நின்னு படிச்சாங்க. படிச்சிட்டு அண்ணாந்து வானத்தைப் பாத்துட்டுப் போனாங்க. மூஞ்சி மட்டும் சரியில்ல.

மத்தியானம் மூணு மணிக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துடுச்சு. பாத்தியில வெளைஞ்சு வாரி எடுக்கறதுக்குத் தயாரா கிடந்த உப்பெல்லாம் கரைஞ்சு தண்ணியா போயிடுச்சு. மறுபடி தண்ணி கட்டி, காய்ஞ்சு, பாத்தி வெளுக்கற வரைக்கும் அவங்களுக்கு வேலை கிடையாது. மறுநாள் காலையில செல்வி வந்தா. அளத்துல வேலை செய்யற பொம்பளைங்க எல்லாருக்கும் சேர்த்து பேசறவ அவதான். இடுப்புல கையை வெச்சுக்கிட்டு போர்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தா.

"யக்கா, நெல்லு வெளையற ஊரு பக்கம் போயி இந்த போர்டை நட்டு வை. எங்களுக்கு இப்ப வெயிலுதான் ஆசீர்வாதம்!"

தலை குனியற பறவை

வசனமும் ஓடல, படிச்சதும் ஞாபகம் வரலன்னா, முந்தின நாள் சாயங்காலமே உப்பளத்து வரப்புல போய் நின்னுடுவேன். அங்க எனக்குன்னு ஏதாவது வெச்சிருப்பாரு ஆண்டவர். அப்படித்தான் ஒரு நாள் பூநாரைக் கூட்டம் எறங்கியிருந்துச்சு. அவ்ளோ நீளக் காலு, அவ்ளோ அழகு, ஆனா சாப்பிடணும்னா தலையைத் தலைகீழா கவுத்துப் போட்டு சேத்துத் தண்ணியைத்தான் அரிக்கணும். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். ஒண்ணு கூட கௌரவம் பாக்கல.

"தலை குனியற பறவைக்குத்தான் பசி ஆறுது"ன்னு காலையில எழுதினேன். எழுதி முடிச்சதும் எனக்கே சுருக்குன்னுச்சு. எங்க வீட்டுல குனிய வேண்டியது யாருன்னு எனக்குத் தெரியாதா என்ன! ஆறே முக்கா பஸ் வந்துச்சு, நின்னுச்சு, போயிடுச்சு. ஜன்னல்ல எந்த மூஞ்சியும் அவளுது இல்ல. உள்ள நிக்கறாளோ என்னவோன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்ப ஸ்கூட்டரை ஓரம் கட்டிட்டு ஒருத்தர் போர்டை போட்டோ எடுத்தாரு. கோட்டக்குப்பத்துல இருந்து கடை கடையா பிஸ்கட்டும் ரொட்டியும் போடற பாய். எதுக்கு பாய் போட்டோன்னு கேட்டேன். சிரிச்சாரு.

"துபாய்ல இருக்கற என் புள்ளைக்குங்க. தினமும் அனுப்புவேன். 'அத்தா, அந்தம்மா இன்னைக்கு என்ன எழுதினாங்க'ன்னு அவனே கேக்கறான். உங்க எழுத்து எம்மாந்தூரம் போவுது பாத்தீங்களா!"

பென்சில் எழுத்து

எனக்குப் படிப்பு பத்தாவதோட நின்னு போச்சு. ஆனா புத்தகப் பைத்தியம். வானூர் பக்கம் எந்த வேலையா போனாலும் பழைய பேப்பர் கடையில பூந்து ரெண்டு புத்தகத்தோடதான் வருவேன். கோயில்லயும் ஒரு பீரோ நெறைய புத்தகம் இருக்குது. புனிதர் கதை, சிறுகதை, பாதி பக்கம் கிழிஞ்சு போன தியானப் புத்தகம். போர்டுக்கு ஏதாவது கிடைக்குமான்னு ஒரு மழை நாள்ல அதைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். எங்க கோயில்ல மணி அடிக்கற சவரி, கீழே உக்காந்து கரையானைத் தட்டிக்கிட்டு இருந்தான்.

ஒரு கதைப் புத்தகத்தைத் தொறந்தா, முதல் பக்கத்துல 'ஜெனி, ஆறாம் வகுப்பு'ன்னு எழுதியிருக்குது. அதே குண்டு குண்டு எழுத்து. புள்ளை படிச்ச புத்தகமாச்சேன்னு ஒவ்வொரு பக்கமா தடவித் தடவிப் பாத்தேன். உள்ளே ஒரு கதையில பொண்ணை எப்பப் பாத்தாலும் திட்டற ஒரு அம்மா வர்றா. அந்தப் பத்திக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு அம்புக்குறி போட்டு, 'எங்க அம்மா' அப்படின்னு எழுதி வெச்சிருக்குது கழுதை. சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. சவரி எழுந்து எட்டிப் பாத்தான்.

"யக்கா, ரப்பர் தரட்டுமா?"

கல்யாணத்தன்னைக்கு

இதைச் சொல்லாம விட்டா மத்ததெல்லாம் பொய்யாயிடும். அவங்க அப்பா போனதுக்கு அப்புறம் ஒத்தையா வளர்த்த பொண்ணு. லேபுல கூட வேலை பாத்த பையனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. தங்கமான புள்ளை, கையைக் கட்டிக்கிட்டு நின்னு பேசுது. ஆனா நம்ம வேதம் இல்ல. கல்யாணம் கோயில்ல நடக்காது, மண்டபத்துலதான்னு ஆயிடுச்சு. நான் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்ல. வர மாட்டேன்னுட்டேன். அதோட விட்டிருந்தா கூட பரவாயில்ல. கல்யாணத்தன்னைக்குக் காலையில, நம்பிக்கை இல்லாதவங்களோட ஒரே நுகத்துல பூட்டிக்காதீங்கன்னு வர்ற வசனத்தை இந்த போர்டுல, இந்தக் கையாலதான் எழுதினேன்.

மண்டபம் பொம்மையார்பாளையத்துல. நான் வர மாட்டேன்னதும் அவ மாப்பிள்ளை வீட்டுக்கே போயிட்டா, அந்த ஊர்ல இருந்து கல்யாண வேன் இந்த வழியாத்தான் போகணும். வேன் நேரா போயிடும்னு நெனைச்சேன். போகல. கோயில் வாசல்ல நின்னுச்சு. தாலி ஏறறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டுப் போகலாம்னு பட்டுப்புடவையோட எறங்கினா எம் பொண்ணு. போர்டைப் பாத்தா. படிச்சா. படி ஏறாம அப்படியே திரும்பி வேன்ல ஏறிட்டா. ஆபீஸ் ஜன்னல் வழியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேன் நான். ஓடிப் போய்ப் புடிச்சிருக்கலாம். ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பின்னாடி ஃபாதர் வந்து நின்னதே எனக்குத் தெரியல. கோவமே இல்லாமத்தான் கேட்டாரு.

"வேதத்துல அந்த வசனம் இருக்குது ரீட்டாம்மா, இல்லன்னு சொல்லல. இன்னைக்கு அதை எழுதச் சொன்னது ஆண்டவரா, நீங்களா?"

வலது பக்க சீட்டு

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என்னென்னவோ எழுதினேன். அன்பு பத்தி, பொறுமை பத்தி, தொலைஞ்சு போன ஆடு பத்தி, அலை எத்தனை தடவை போனாலும் கரைக்குத் திரும்பி வர்றது பத்தி. ஒவ்வொண்ணும் அவளுக்குப் போற லெட்டர்னே நெனைச்சுக்குவேன். இன்னைக்கு மனசு எளகியிருக்கும், சாயங்காலம் போன் வரும்னு ஒரு கணக்கு. வராது. சரி, நாளைக்கு இன்னும் நல்லா எழுதலாம்னு படுத்துக்குவேன்.

ஒரு நாள் அந்த பஸ் டயர் பஞ்சராகி எங்க வாசல்லயே நின்னுடுச்சு. அன்னைக்குன்னு பாத்து அவ லீவு. கண்டக்டர் தண்ணி கேட்டு வந்தாரு. சொம்பைக் குடுத்துட்டு, தெனம் லேபுக்குப் போற பொண்ணு, சுருட்டை முடி, அது போர்டைப் படிக்குமான்னு யாரோ மாதிரி கேட்டேன். அவருக்கு நான் யாருன்னு தெரியாது. மடக் மடக்னு குடிச்சிட்டு வாயைத் தொடைச்சுக்கிட்டாரு.

"அதுவா? அது எப்பவும் வலது பக்கம், உப்பளத்தைப் பாத்த சீட்டுதாங்க கேக்கும். கோயில் பக்கம் சீட்டு காலியாவே இருந்தாலும் உக்காராது."

தப்பு என்மேலதான்

ரெண்டு வருஷமா அவ முதுகுக்கு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு மணி அடிச்சுது. வேதத்தைத் தொறந்தேன், மூடினேன். பீரோ பக்கம் போகல, வரப்புப் பக்கமும் போகல. எழுதறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு ரெண்டு வருஷமாவே தெரியும். "தப்பு என்மேலதான். - ரீட்டா"ன்னு போர்டு முழுக்க பெருசா எழுதிட்டு உள்ள போய் உக்காந்துட்டேன்.

அய்யோ, நம்ம ஊரைப் பத்தித்தான் தெரியுமே! ஏழு மணிக்குள்ள கோயில் வாசல்ல சந்தை கூடிடுச்சு. பாட்டுக் குழு பிலோமினா வந்து, "அன்னைக்கு எனக்கு சுதியே சேரலன்னு சொன்னியே, அதுக்கா? நான் அப்பவே மறந்துட்டேன் போ"ன்னு கட்டிப் புடிச்சுக்கிச்சு. எதிர் டீக்கடைக்காரரு, "என் டீயை கழனித் தண்ணின்னு சொன்னீங்களே, அதுக்குதானம்மா?"ன்னு ஒரு ஸ்பெஷல் டீ அனுப்பி வெச்சாரு. இத்தனை பேரை நான் புண்படுத்தியிருக்கேன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. எல்லாரும் மன்னிச்சாங்க. நான் மன்னிப்பு கேட்டது அவங்க யாருகிட்டயும் இல்ல.

சாயங்காலம் ஆறு மணிக்கு போன் அடிச்சுது. ஸ்க்ரீன்ல ஜெனி. அவசரத்துல போனைக் கீழ போட்டு எடுத்தேன். அவதான் முதல்ல ஆரம்பிச்சா. பஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு படிச்சாங்களாம், கண்டக்டர் வேற சத்தமா படிச்சுக் காட்டினாராம், அதனால திரும்பிப் பாத்தாளாம். "ஜெனி, அம்மா வந்து..."ன்னு நான் ஆரம்பிச்சேன். போன்ல வேணாம்னு நிறுத்திட்டா. ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவாம். எனக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு பூசை இருக்குதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நல்லவேளை முழுங்கிட்டேன். குரல் அப்படியே என்னை மாதிரியே இருக்குது, அதே வெடுக்கு.

"ஊருக்கு எழுதிக் காட்டினது போதும்மா, வர்றதுன்னா வீட்டுக்கு வந்து என் மூஞ்சியைப் பாத்து சொல்லு. அந்த சாக்பீஸை மட்டும் தூக்கிக்கிட்டு வந்துடாத."

இன்னைக்கு வியாழக்கிழமை ஆவுது, பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் தினம் ரெண்டு வரி எழுதினவளுக்கு, பெத்த பொண்ணு வாசப்படியில நின்னு சொல்றதுக்கு மட்டும் இன்னும் ஒரு வரி கூட கிடைச்ச பாடில்ல.