நிமிர்த்தி வைத்த துணுக்கு

நான் ஊர்சுற்றக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. ரயிலடிக்கு வீடே வந்திருந்தது, சித்தியைத் தவிர. "அவளுக்கு அந்த மெழுகுதான் பெருசு" என்று அம்மா முணுமுணுத்தாள்.

சித்தி மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவாள். அதைப் பார்த்து நோயைச் சொல்வது டாக்டர். சிறுநீர்ப்பையின் உள்தோல் என்றால் சித்திக்குத் தனிப் பிரியம். பை காலியானால் அதன் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியும். நிரம்பினால் தட்டையாகி இடம் விடும். "உங்கப்பாவவிட நல்லா அட்ஜஸ்ட் பண்ணும்டி" என்பாள்.

அந்தப் புதன்கிழமை மேசையில் இருந்தது ஒரு பஸ் டிரைவரின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த துணுக்கு. புற்றுக்கட்டி உள்தோலோடு நின்றிருந்தால் சுரண்டி மருந்து விட்டால் போதும். ஆழமாக வேரோடியிருந்தால் பையையே எடுக்க நேரலாம்.

"உள்ள எறங்கிடுச்சு போலிருக்கே" என்றார் டாக்டர். கைப்பையை மாட்டிக்கொண்டு ரயிலடிக்குக் கிளம்பிய சித்தி, நின்று குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தாள். அடுக்குகள் வரிசையாக இல்லை. தீவு தீவாகச் சிதறிக் கிடந்தன.

"டாக்டர், எழுதிடாதீங்க. மெழுகுல துணுக்கைப் படுக்க வச்சுட்டேன். நிமிர்த்தி வச்சிருக்கணும்."

"நீங்களா?"

"நானேதான்."

புத்தகத்தை நேராக வெட்டினால் அட்டையும் தாளும் வரிசையாகத் தெரியும். சாய்த்து வெட்டினால் அட்டை தாளுக்குள் புகுந்தது போலிருக்கும். அவள் வாய் திறக்காமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மெழுகுக் கட்டையில் துணுக்கு மிச்சம் கடுகளவு. கொஞ்சம் பிசகினால் அதுவும் போச்சு. மெழுகை உருக்கி, சூடான இடுக்கியால் துணுக்கை நிமிர்த்தி, ஆறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினாள். என் ரயில் போய்விட்டது.

புதுக் கண்ணாடியில் தோல், அதன்கீழ் இணைப்புத் திசு, அடியில் தசை என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கட்டி மேலேயே நின்றிருந்தது.

"படுத்துக்கிட்டு போட்டோ எடுத்தா யாரா இருந்தாலும் குண்டாதான் தெரிவாங்க" என்று டாக்டர் சிரித்தாராம். சித்தி சிரிக்கவில்லை. பிழையான அந்தக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்றும் முதலில் காட்டுவது அதைத்தான்.

இதெல்லாம் நான் திரும்பி வந்த பிறகு டாக்டர் சொன்னது. சித்தி மூச்சுவிடவில்லை. போன வாரம்தான் டிரைவர் அவளுக்கு அனுப்பிய செய்தி ஒன்றை என் போனுக்குத் தள்ளிவிட்டாள்:

"அம்மா, இன்னும் வண்டி ஓட்டறேன். வழியெல்லாம் ஒண்ணுக்கு எறங்கறேன்னு கண்டக்டர் திட்டறான். திட்டட்டும்."

அதன்கீழ் அவளுடைய ஒரு வரி: "ரயிலடிக்கு வரலன்னு இன்னும் கோவமா?"