ஆடிக்கொண்டே நின்றவர்

புதுக்கோட்டையில் அரசு மருத்துவமனையின் மாத்திரை வரிசையில்தான் அவரைப் பார்த்தேன். பெரிய மீசை, தோளில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. வெறுங்கையோடு நின்றபோதும் பிள்ளையைத் தூங்கவைப்பவர்போல இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருந்தார்.

பிரசவத்துக்குப் பிறகு மனம் பேதலித்த என் மனைவி பெண்கள் வார்டில் இருந்தாள். துணைக்கு மாமியார். அதுவரை அன்னவாசலில் மாமியார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்ப் பிள்ளையை எட்டிப் பார்த்துவந்த நான், கதறும் மகளோடு அந்த வரிசையில் நின்றேன்.

“ஒங்களுக்கு எப்படிங்க இருக்கு?” என்றார்.

“சரியாயிரும்னு டாக்டர் சொல்றாங்க.”

“அவங்கள டாக்டர் பாத்துக்குவாங்க. நான் ஒங்களக் கேட்டேன்.”

மகளை மறுதோளுக்கு மாற்றினேன்.

“போன வருசம் நானும் இப்படித்தான் நின்னேன். எங்க வீட்டுல இப்ப நல்லாருக்காங்க. பிள்ளைய இங்கிட்டுக் குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க.”

மகளைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டார். நான் பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோதும் அவர் ஆடிக்கொண்டேதான் நின்றார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. அது இல்லாமல் மகள் தூங்குவதில்லை. அவள் அசந்த நேரம் பார்த்து அதை உருவி, துவைத்துக் காயப்போடுகிறவள் என் மனைவி.