முத்திரைக்காரர் அழுத்திய பூஜ்யம்

கடைத்தெருவில் அவருக்கு முத்திரைக்காரர் என்று பெயர். தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், பிசகியிருந்தால் பழைய முத்திரையின் மேல் பெருக்கல் குறி அடித்து அழிப்பதும் அவருடைய உத்தியோகம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. காய்கறிக்காரர் இன்றைக்கும் அவரைக் கண்டால், தராசுத் தட்டைத் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் "வாங்க சார்" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சொக்கத் தங்கம். சோதனைக்குப் போன கடையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. மண்டி முதலாளியின் தராசும் தள்ளுவண்டிக்காரரின் தராசும் அவருக்கு ஒன்றுதான். அதன் பலனாக, மேலிடத்தில் யாருக்காவது அவர் மேல் கடுப்பு வரும். ஊர் மாற்றித் தூக்கி அடிப்பார்கள். அவருக்கென்ன, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் புதுத் தராசைப் பிடித்துக்கொள்வார். அவர் மனைவிதான் ஓர் ஊரில் கிடைத்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தாள். அடுத்த ஊரில் பாதி கற்ற தையலை விட்டுவிட்டு வந்தாள். அதற்கடுத்த ஊரில் அவள் எதையும் ஆரம்பிக்கவே இல்லை. நேர்மையானவரின் மனைவி என்று எல்லாரும் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் முத்திரைக்காரர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கடைக்காரர், "ஆபரேட்டிங் சிஸ்டம் நானே போட்டுத் தரேன் சார், எல்லாருக்கும் அப்படித்தான் போடறோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று ஆரம்பித்தார் பாருங்கள், கடைக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கம்பெனியே லைசென்ஸோடு அனுப்பும் அசல் கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்துக் கொடுத்துத் தப்பித்தார். அதன் பக்கவாட்டில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், அதில் நீளமாக ஒரு எண். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாக வேண்டும், அப்புறம்தான் காபி.

"அத்தான், இந்தத் தெருவுலயே லைசென்ஸ் இருக்கற மெஷின் உங்களோடது ஒண்ணுதான். சங்கிலி போட்டுக் கட்டி வைங்க" என்பான் மச்சினன். மனைவியின் தம்பி அவன்; அடுத்த தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். அவன் கம்ப்யூட்டரில் ஓடியதெல்லாம் ஓசிச் சரக்கு. முத்திரைக்காரர் அவன் கடைக்குப் போனாலும் அந்த மெஷின் பக்கம் திரும்ப மாட்டார். அது இருக்கும் மேஜையில் கையைக்கூட ஊன்ற மாட்டார்.

அசல் கம்ப்யூட்டரில் முத்திரைக்காரர் செய்த வேலை, பத்திரிகைகளுக்கும் அலுவலகங்களுக்கும் புகார் எழுதுவது. காலை ஒரு மணி நேரத்தில் அது முடிந்துவிடும். அப்புறம் நாள் முழுக்க மெஷின் அவர் மனைவி கையில்தான். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்கும் வேலையை அவள் ஏற்றிருந்தாள். ஒரு சங்கத்தார் மைக் கொடுத்தார்கள், குரல் அவளுடையது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து படிப்பாள். வாரத்துக்கு ஒரு தடவை தம்பி வந்து, முடிந்த பாடங்களை எடுத்துக்கொண்டு போய் உரியவர்களுக்கு அனுப்பிவிடுவான். சட்டம் படிக்கும் ஒரு பெண், பாடம் ஒரு நாள் தாமதமானாலும் போன் செய்துவிடுவாள். "அம்மா, உங்க குரல்ல கேட்டாத்தான் எனக்கு மண்டையில ஏறுது" என்பாள். அறுபது வயதுக்கு மேல் ஒருத்திக்கு இதைவிட என்ன வேண்டும்? அவளுக்கு நடையே மாறிவிட்டது.

ஆனால் மெஷினைப் போட்டதும் திரையில் வரும் வணக்கம் முத்திரைக்காரரின் பெயருக்குத்தான். அதை ஒரு தட்டுத் தட்டித் தள்ளிவிட்டுத்தான் அவள் தன் வேலைக்குப் போக வேண்டும்.

இந்த நிலையில் வெளியூரில் இருந்த மகன் புது கம்ப்யூட்டர் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து அனுப்பி வைத்தான். அப்பனை அறிந்த பிள்ளை; ஆபரேட்டிங் சிஸ்டம் போடாமலே அனுப்பினான். "நான் போட்டா எங்க வாங்கினே, எப்படி வாங்கினேன்னு கேப்பீங்க. உங்களோடதையே மாத்திக்குங்க" என்று போனில் சொல்லிவிட்டான்.

முத்திரைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழையதன் லைசென்ஸைப் புதியதற்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதானே?

"பரீட்சை முடியட்டுங்க" என்றாள் மனைவி. "அந்தச் சட்டம் படிக்கற பொண்ணு அடுத்த வாரம் எழுதப் போறா. இன்னும் சாட்சியச் சட்டப் பாடம் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் பழசு அப்படியே இருக்கட்டும்."

"அரை மணி நேர வேலை. புதுசுல இன்னும் வேகமா பதிவு பண்ணலாம்" என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் கண் டாக்டரிடம் போனாள். வீட்டில் முத்திரைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு லைசென்ஸ் நிபந்தனைகளைப் படிக்க உட்கார்ந்தார். உலகத்தில் யாரும் படிக்காமல் சரி என்று தட்டிவிடும் அந்த நிபந்தனைகளை முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை படித்தார். ஒரு நேரத்தில் ஒரே கம்ப்யூட்டரில்தான் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அவருக்கு அந்த ஒரு வரி போதும். பழைய முத்திரையை அழிக்காமல் புது முத்திரை குத்தினால் அது மோசடி. உத்தியோக காலம் முழுக்க அவர் கை அந்த வரிசையில்தான் வேலை செய்து பழகியிருந்தது.

ஆகவே முதலில் அழித்தார். தன்னுடைய புகார்களையெல்லாம் பொறுப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, பழைய மெஷினை அடியோடு துடைத்தார். அதோடு விட்டாரா? கறுப்பு மையை எடுத்து, பக்கவாட்டில் இருந்த ஸ்டிக்கரின் மேல் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறியும் போட்டார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

புதிய மெஷின் அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளவில்லை. உதவிக்கு இந்த நம்பரை அழைக்கவும் என்றது. அழைத்தார். பதிவு செய்து வைத்த ஒரு குரல், எண்களைக் கூறு கூறாக வாங்கிக்கொண்டு கடைசியில் கேட்டது:

"இந்த உரிமம் தற்போது எத்தனை கணினிகளில் பயன்பாட்டில் உள்ளது? எண்ணை அழுத்தவும்."

முத்திரைக்காரர் யோசித்தார். பழையதில் இல்லை, அவரே அழித்தாயிற்று. புதியதில் இல்லை, அதற்குத்தானே இந்தப் பாடு. பூஜ்யத்தை அழுத்தினார்.

"மன்னிக்கவும். இது செல்லத்தக்க விடை அல்ல."

மறுபடி பூஜ்யம். மறுபடி மன்னிக்கவும். ஊரில் வேறு யாராக இருந்தாலும் ஒன்றை அழுத்திவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இவர் மண்டி முதலாளிக்கே வளைந்து கொடுக்காதவர், டேப்பில் பேசும் குரலுக்கா வளைவார்? இன்னொரு தரம் பூஜ்யத்தையே, விரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். பதிவுக் குரல் அறுந்து, கம்பெனிப் பெண் ஒருத்தி பேசினாள்.

"சார், ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரை ஒரு தடவை படிங்க."

தான் போட்ட கறுப்புக் கோட்டுக்கு அடியில் நம்பரைத் தேடித் தேடிப் படித்தார்.

"சார், இது அந்த மெஷினோட சேர்ந்து வந்த லைசென்ஸ். வேற மெஷினுக்குப் போகாது."

"ஒரு நேரத்துல ஒரு கம்ப்யூட்டர்னு போட்டிருக்கேம்மா?"

"அந்த ஒரு கம்ப்யூட்டர் அதுதான் சார்."

"அப்ப பழசுலயே திரும்பப் போட்டுக்கலாமா?"

"போடலாம். ஆனா நீங்க திரும்பத் திரும்ப தப்பா அழுத்தினதால பூட்டிக்கிச்சு. விசாரிச்சுத் திறக்க பத்து நாள் ஆகும்."

"நான் தப்பா அழுத்தலை. அதுதான் உண்மை."

அந்தப் பெண் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாரும் ஒண்ணுதான் சார் அழுத்துவாங்க."

மனைவி கண்ணில் மருந்து போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கூசியபடி வந்தாள். பழக்க தோஷத்தில் நேரே பழைய மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து அதைப் போட்டாள். வணக்கம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ ஒரு வரி மட்டும்.

"மருந்து போட்டதுல கண்ணே மறைக்குது. திரையில ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுங்க" என்றாள்.

கண்தான் காரணம் என்று விட்டுவிட்டால் ஒரு நாள் பிழைக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பாவம். "உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. மெஷின்லதான் ஒண்ணுமில்ல" என்றார்.

நடந்ததைச் சொன்னார்.

"நான் படிச்சு வெச்சது?"

"ஃபைலை எல்லாம் எடுத்துட்டுத்தான் அழிச்சேன்."

"யாரோட ஃபைலை?"

வெளியே எடுத்து வைத்தது அவருடைய புகார்களை மட்டும்தான். தம்பி வந்து எடுத்துப் போனதற்கு அப்புறம் படித்ததெல்லாம், சாட்சியப் பாடத்தில் முக்கால் பங்கு, போயிருந்தது. அவள் குரல் கட்டிக்கொண்டதையும் பொருட்படுத்தாமல் படித்த பக்கங்கள் அவை.

"நீங்க சரியாத்தான் நடந்துக்கிட்டீங்க" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எப்பவும் சரியாத்தான் நடந்துக்கறீங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அழியறது மட்டும் ஏன் என்னோடதாவே இருக்கு?"

பள்ளிக்கூட வேலை, தையல் எல்லாம் அவருக்கு அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தன. எத்தனையோ தராசுகளைப் பார்த்த மனிதர், தன் வீட்டில் ஒரு தட்டு தாழ்ந்தே கிடந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் மைக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தம்பியின் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டாள். முத்திரைக்காரர் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தார். புது மெஷினைப் பார்த்தார், பழைய மெஷினைப் பார்த்தார், இரண்டும் பேசவில்லை. அடுத்த நாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஸ்டூடியோவின் பின்னறையில் அவள் படித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் பதிவை நிறுத்தி, திரும்ப ஓட்ட ஆள் வேண்டும். தம்பியோ முன்னறையில் யாருக்கோ மோவாயை நிமிர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். ஹாரன் வரும், அவள் எழுந்து போய் நிறுத்துவாள், திரும்ப வந்து மூச்சு வாங்க உட்காருவாள்.

முத்திரைக்காரர் மேஜை முன்னால் போய் உட்கார்ந்தார். 'இந்தப் பிரதி அசல் அல்ல' என்று திரையின் மூலையில் எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார். படிக்காமல் இருக்க அவரால் முடியுமா?

"நான் அமுக்கறேன், நீ படி" என்றார்.

வாசலில் எட்டிப் பார்த்த மச்சினன் வாயைப் பிளந்தான். "அத்தான், பார்த்து! கையில ஒட்டிக்கப் போகுது!"

"நீ போய் போட்டோ எடு."

நாள் தவறாமல் போய் உட்கார்ந்தார். ஹாரன் வந்தால் நிறுத்தினார், போனால் ஓட்டினார். பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில் பாடம் முடிந்து அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவளிடமிருந்து போன்.

"அம்மா, ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். ஆவணங்களைப் பத்திப் படிக்கறீங்க இல்ல, அங்க பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் 'போலி, அத்தனையும் போலி'ன்னு முணுமுணுக்குது. அது பாடத்துல இருக்கா? பரீட்சையில எழுதலாமா?"

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எழுதிடாதேம்மா. அது எங்க வீட்டுக்காரர்."

முத்திரைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சிரித்ததில் பாதி பாரம் இறங்கிவிட்டதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

விசாரணை முடிந்து பூட்டு திறந்த அன்று, பழைய மெஷினில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவரே திரும்பப் போட்டார். ஸ்டிக்கரின் மேல் போட்ட பெருக்கல் குறி எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தப் போவது யார் என்று திரை கேட்டது. விரல் பழக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிட்டு நிறுத்தினார். அதை அழித்தார். மனைவியின் பெயரை முழுசாக, இனிஷியலோடு அடித்தார்.

"இங்க வா. பாஸ்வேர்ட் கேக்குது."

"நீங்களே ஏதாவது போடுங்க."

"அது விதி இல்ல. யார் பேரோ அவங்கதான் போடணும்." நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அவள் உட்கார்ந்து தட்டினாள். நீளமாகத்தான் தட்டினாள். என்ன போட்டாய் என்று கேட்க அவருக்கு வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புது மெஷின் லைசென்ஸ் இல்லாமல் துணி போர்த்தி இருக்கிறது. காய்கறிக்காரரின் புதிய எலக்ட்ரானிக் தராசைப் பற்றி முத்திரைக்காரருக்கு அவசரமாக ஒரு புகார் எழுத வேண்டியிருக்கிறது. "கொஞ்சம் திறந்து விடேன்" என்று போய் நின்றால், "இன்னும் ஒரு பாடம் இருக்கு, உட்காருங்க" என்கிறாள். அவர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார், மைக்கில் விழாமல் மெதுவாக மூச்சு விட்டபடி.